இரைப்பையில் ஒரு புடவை

நான் பார்க்க எங்கள் வீட்டுக் கோழிக்கு வயிறு அடைத்துக்கொண்டது இரண்டே முறை. இரண்டு முறையும் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் கிடக்கும் அத்திவரதர் வெளியே வந்திருந்தார். ஒன்று 1979, இன்னொன்று 2019. பெருமாளுக்கும் கோழிக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை அவர் வருகிறார். அவர் வந்தால் சின்ன காஞ்சிபுரம் கொள்ளாத கூட்டம். கூட்டம் வந்தால் தெருவெல்லாம் சோறும் குப்பையும். அதற்குமேல் கோழியின் வாயைக் கட்ட யாரால் முடியும்?

1979-ல் எனக்குப் பத்து வயது. தேரடியிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓட்டு வீடு. கூடத்தில் இரண்டு குழித்தறி. ஒன்றில் தாத்தா, ஒன்றில் அப்பா. கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் ஒருத்தர் கை போதாது. ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் விளக்கு வைக்கிறவரை அதுதான் வேலை. சம்பளம் பத்து பைசாவுக்குக் கடலை மிட்டாய். இன்றைக்கு இதைச் சொன்னால் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு அதற்குப் பெயர் ‘பையன் வீட்டுக்கு ஒத்தாசையா இருக்கான்’.

தறிக்குழியில் விழும் அறுந்த இழைகளைக் கூட்டி அள்ளுவதும் என் வேலைதான். பட்டு இழை தனி டப்பாவுக்கு, ஜரிகை தனி டப்பாவுக்குப் போக வேண்டும். கடலை மிட்டாய் அவசரத்தில் நான் பல நாள் எல்லாவற்றையும் சேர்த்துப் பின்கட்டு மதில் ஓரம் கொட்டிவிடுவேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்கட்டில் கோழிகள் ஏழெட்டு. எதற்கும் பெயர் கிடையாது. கருப்பு, செவலை, கழுத்தறுத்தான் என்று அடையாளம் மட்டும்தான். “பேரு வெச்சா அறுக்கக் கை வராது” என்பது ஆயாவின் சித்தாந்தம். ஆயா என்றால் அப்பாவைப் பெற்றவள். இந்தப் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

வரதர் வந்த அந்த ஒரு மண்டலமும் வீடு சத்திரமாகிவிட்டது. ஆரணியிலிருந்து அத்தை, சேலத்திலிருந்து பெரியம்மா, யார் வழி உறவு என்றே தெரியாத நாலு பேர். தரிசனத்துக்கு வந்தவர்கள் இருக்கிற வீட்டில் கவுச்சி ஆகாது. கோழிகளுக்கு அப்படி ஒரு பொற்காலம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. உயிருக்குப் பயமில்லை, எச்சில் இலையில் புளியோதரை.

ஒருநாள் விடிகாலையில் கருப்பு மட்டும் தனியாக நின்றது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் பாதி மூடி, சாமியாடி ஓய்ந்த பூசாரி மாதிரி. அத்தைதான் முதலில் பார்த்தாள். நேற்று அது பல்லி ஒன்றைப் பிடித்து விழுங்கியதைத் தன் கண்ணால் கண்டதாகவும் சொன்னாள். வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட ஊரே வரிசையில் நிற்கிறது. தொட்டால் தோஷம் போகும் என்கிறார்கள். விழுங்கினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. வீட்டில் கிலி பிடித்துக்கொண்டது.

ஆயாவுக்குக் கிலியெல்லாம் இல்லை. கோழியைப் பிடித்து மடியில் போட்டு, கழுத்துக்குக் கீழே, மார்பு தொடங்குகிற இடத்தில் விரலை வைத்தாள். அங்கேதான் இரைப்பை. கோழிக்குப் பல் இல்லை. தின்றதெல்லாம் முதலில் அங்கே போய் அரிசி ஊறுகிற மாதிரி ஊறும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, கல்லும் மணலும் கிடக்கிற இன்னொரு வயிற்றில் அரைபடும். அண்டா முன்னே, ஆட்டுக்கல் பின்னே. ராத்திரிக்குள் அண்டா காலியாகிவிட வேண்டும். விடிகாலையில், இரை போடுவதற்கு முன் தொட்டுப் பார்த்து, அது நிறைந்திருந்தால் கோளாறு. தொளதொளவென்று தண்ணீர்ப் பை மாதிரி இருந்து வாயில் புளிச்ச வாடை அடித்தால் ஒன்று. பிசைந்த மாவு மாதிரி கெட்டியாக இருந்தால் இன்னொன்று. இதையெல்லாம் ஆயா விளக்கிச் சொல்லவில்லை. விரல் வைத்தாள், வாயைப் பிரித்து மோந்தாள், காலால் எச்சத்தைக் கிளறிப் பார்த்தாள். “கழிச்சல் இல்ல. அடைப்பு” என்றாள். தீர்ப்பு முடிந்தது.

முதல் வைத்தியம் எண்ணெய். நல்லெண்ணெயை லேசாகச் சூடு காட்டி, ஆறவைத்து, அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மேலே வெதுவெதுப்பான தண்ணீர். பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரைப்பையை மெல்லப் பிசைந்தாள். கோழியைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் வந்துவிடும் என்று எதிர்வீட்டுக்காரர் யோசனை சொன்னார். “நீ உதறுன கோழி இன்னா ஆச்சி, ஞாபகம் இருக்குதா?” என்று ஆயா கேட்டாள். அவர் போய்விட்டார். உதறினால் உள்ளே இருக்கிற தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவர் கோழி அப்படித்தான் போனது.

இரண்டு நாள் இரை இல்லை, மோர்த்தண்ணீர் மட்டும். மூன்றாம் நாளும் மாவு மாவாகவே இருந்தது.

அப்புறம் நடந்ததை நான் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கோழியின் காலை நான்தான் பிடித்திருந்தேன். ஆயா இரைப்பை மேலிருந்த இறகைப் பறித்தாள். புது பிளேடு ஒன்றைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். தோலை ஒரு அங்குலம் கீறினாள். பயந்த அளவுக்கு ரத்தம் வரவில்லை. உள்ளே வெளுத்த பை ஒன்று புடைத்துக்கொண்டு வந்தது. அதையும் கீறிச் சுண்டுவிரலை விட்டு வெளியே இழுத்தாள். புல், ஊறிய சோறு, அதையெல்லாம் சுற்றிக்கொண்டு அரக்கு நிறத்தில் ஒரு உருண்டை. இழுக்க இழுக்க வந்தது. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை, நடுநடுவே மினுக்மினுக்கென்று ஜரிகை. முகூர்த்தத்துக்கு ஆர்டர் எடுத்துத் தாத்தா தறியில் ஓடிக்கொண்டிருந்த புடவை அப்படியே கோழிக்குள் இருந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அறை விழுந்தது அப்பாவின் கையால். தாத்தா அடிக்கவில்லை. அவர் அந்த உருண்டையை வாங்கிக்கொண்டு போய்க் கழுவி, ஜரிகையை மட்டும் இழை இழையாகப் பிரித்து டப்பாவில் போட்டார். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. கழிவு ஜரிகையை எடைக்கு வாங்க ஆள் வருவான். கோழி பிழைக்குமா என்பது ஆயாவின் கவலை. அவர் அவருடைய கவலையைப் பார்த்தார்.

ஆயா ஊசியில் கோர்த்தது கோர்வைக்கு வைத்திருந்த பட்டு இழை. எந்த நூல் அடைத்ததோ அதே நூல். பையைத் தனியாகத் தைத்தாள், தோலைத் தனியாகத் தைத்தாள். தறியில் பழைய பாவு முடிந்து புதுப் பாவு பிணைக்கும்போது ஆயிரக்கணக்கான இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிறவை அந்த விரல்கள். இது அவளுக்குப் பத்து முடிச்சு வேலை. மேலே மஞ்சளைக் குழைத்துத் தடவிக் கூடைக்குள் கவிழ்த்தாள். அவள் ஆயுளில் இப்படி மூன்று கோழிகளை அறுத்துத் தைத்திருக்கிறாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஒன்று செத்துவிட்டதாம்.

கருப்பு பிழைத்தது. மறுநாள் மோரில் கரைத்த குழைந்த சோறு. நாலாம் நாள் அத்தை கொண்டுவந்த கோயில் இட்லியில் ஒரு துண்டு. மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு வேகவைக்கிற இட்லி, மிளகும் சீரகமும் சுக்கும் தூக்கலாக. அத்தை பதறினாள்: “பிரசாதத்தப் போயி கோழிக்கா?” ஆயா மசியவில்லை. “நம்ம வவுத்துக்குக் குடுக்கற மருந்துதானே அது? அதுக்கும் வவுறுதானே?”

வரதர் திரும்பக் குளத்துக்குள் போனார். உறவுக்காரர்கள் பஸ் ஏறினார்கள். மறுநாள் கருப்பு குழம்புக்குள் போனது. சுத்தம் செய்யும்போது ஆயா அந்த இரைப்பையைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அம்மாவுக்குக் காட்டினாள். “பாத்தியா, தையல் பிரியல.” அந்த முகத்தில் இருந்த பெருமையை அவள் பேரன் பத்தாவது பாஸானபோதுகூட நான் பார்க்கவில்லை.

ஆயாவைத் தன்வந்திரி ஆக்கிவிடக் கூடாது. கழிச்சல் வந்தபோது அவள் தோற்றாள். கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் அரைத்து உருட்டிக் கொடுத்தும், ஒரு கோடையில் ஒரே வாரத்தில் கூடை காலியானது எனக்கு நினைவிருக்கிறது. அது வைரஸ். வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பூசிதான். புத்தகத்தில் அதன் பெயர் ராணிக்கேத். 1920-களின் பிற்பகுதியில் இமயமலையில் குமாவுன் பக்கம் ராணிக்கேத் என்ற ஊரில் கண்டதால் அந்தப் பெயர். இங்கிலாந்துக்காரர்கள் அதையே நியூகாசில் என்று தங்கள் ஊர்ப் பெயரால் அழைக்கிறார்கள். நம்மவர்கள் ஊரைத் தேடவில்லை. கோழிக்குப் பின்னால் பார்த்து வெள்ளைக் கழிச்சல் என்றார்கள். ஆயாவின் அதே அஞ்சறைப்பெட்டிச் சரக்கை இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே மூலிகை வைத்தியமாகக் கிராம் கணக்கில் சொல்லிக்கொடுக்கிறது. ஆயா கணக்கு கையளவு. கூடவே தடுப்பூசியும் போடச் சொல்கிறார்கள். ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. அந்த ஒன்றுதான் ஆயாவிடம் இல்லாதது.

இனி 2019.

வீடு அதே இடம். தறி இல்லை. குழிகளை மூடி டைல்ஸ் போட்டாயிற்று. தாத்தாவின் கால்கள் இருந்த இடத்தின்மேல் சோபா. நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அதாவது பட்டைத் தொடாமல் பட்டால் பிழைக்கிறேன். மகள் நாட்டுக்கோழிக் குஞ்சு ஒன்றை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கி வந்து ஸ்வீட்டி என்று பெயர் வைத்துவிட்டாள். ஆயா சொன்னது சரி. பெயர் வைத்த அன்றே அதன் உயிருக்கு உத்தரவாதம் கிடைத்துவிட்டது. பிப்ரவரியில் நடக்கும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குத் துண்டில் சுற்றித் தூக்கிப்போய் ஊசியும் போட்டு வந்தாள்.

ஜூலையில் வரதர் எழுந்தார். முதல் முப்பத்தொரு நாள் கிடந்த கோலம், பிறகு பதினேழு நாள் நின்ற கோலம். ஒரு கோடிப் பேர் வந்ததாகச் சொன்னார்கள். எங்கள் தெருவுக்குள் நாங்கள் நுழையவே பாஸ் காட்ட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் ஒரு காலை, ஸ்வீட்டி இறகைச் சிலிர்த்துக்கொண்டு சோபா ஓரமாக நின்றது.

வீட்டில் ஒருத்தரும் கோழியைத் தொடவில்லை. எல்லாரும் போனைத் தொட்டார்கள். மகள் எச்சத்தைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். ஓசூரிலிருந்து மகன் பூஞ்சைத் தொற்று என்றான். பெங்களூர் மைத்துனர் புரோபயாடிக் கொடுக்கச் சொன்னார். யாரோ ஒருவர் படத்தைச் சரியாகப் பார்க்காமல் ‘சூப்பர், ரெசிபி ப்ளீஸ்’ என்று போட்டிருந்தார். கடைசியில் நான் விரலை வைத்துப் பார்த்தேன். கெட்டியா தொளதொளப்பா என்று சொல்லத் தெரியவில்லை. கால்குலேட்டர் தட்டிய விரலுக்கு என்ன தெரியும்?

கால்நடை மருத்துவமனை ஊரின் மறுபக்கம். வண்டி ஓடாது. வயர் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு, லட்சம் பேர் கோயிலைப் பார்த்து வருகிற பாதையில் நான் மட்டும் எதிர்த்திசையில் நடந்தேன். தெற்குச் சீமைக்கார அம்மா ஒருவர் வழியில் நிறுத்திக் கூடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பெருமாள் பிரசாதமாய்யா?” என்று கேட்டபோது கூடை “கொக்” என்றது. தடுப்புக் கட்டையருகே நின்ற பெண் போலீஸ் துண்டை விலக்கிப் பார்த்து, “உங்களுக்குப் பாஸ் இருக்கு சார், இவங்களுக்கு?” என்றார்.

டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். கோழியைப் பிடித்து மடக்கி, கழுத்துக்குக் கீழே விரலை வைத்தார், வாயைப் பிரித்து மோந்தார், எச்சத்தைப் பார்த்தார். அதே வரிசை. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

“காலைல இரை போடறதுக்கு முன்னாடி தொட்டுப் பாத்தீங்களா சார்?”

“போட்டோ எடுத்தோம் மேடம்.”

மரத்துப்போக ஊசி போட்டுக் கீறினார். காலை நான்தான் பிடித்தேன், பழைய உத்தியோகம். உள்ளேயிருந்து வந்தது பட்டு இல்லை. பார்சல் சாப்பாட்டுப் பிளாஸ்டிக் கவரின் கிழிசல், ரப்பர் பேண்ட் இரண்டு, துளசி மாலை கட்டிய நைலான் நூல். தாத்தா இருந்திருந்தால் எடைக்குப் போட ஒன்றும் தேறவில்லையே என்றிருப்பார்.

“பட்டு நூல்லயா தைப்பீங்க?”

“பட்டு நூலும் உண்டு சார். இது தானாக் கரையற நூல், பிரிக்க வேணாம்.” பையைத் தனியாகத் தைத்தார், தோலைத் தனியாகத் தைத்தார். “ரெண்டு நாளைக்குத் தானியம் வேணாம். மோர்ல சோறு கரைச்சுக் குடுங்க.”

அப்போதுதான் ஆயா கதையைச் சொன்னேன். பிளேடு, மஞ்சள், கோர்வை இழை எல்லாம். டாக்டர் கையுறையைக் கழற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“மரத்துப்போற ஊசி இல்லாமலா? பாவம் சார் அது. ஆனாலும் பொழச்சுதா? எத்தனை நாள் இருந்துச்சு?”

“ஒரு மாசத்துக்குக் கிட்ட.”

“அப்புறம்? இன்ஃபெக்ஷனா, தையல் பிரிஞ்சிடுச்சா?”

ஸ்வீட்டி மேஜைமேல் கிடந்து ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இல்ல மேடம்,” என்றேன். “தையல் பிரியல.”