‘அசல்’ ரசிகர்

அமெரிக்காவில் பழைய இசைத்தட்டுக் கடை உள்ள எந்த ஊரிலும் இவரைப் பார்க்கலாம். எழுபதைத் தாண்டியவர். ஜாஸ் பகுதியில் ‘எம்’ வரிசைக்கு முன்னால் நிற்பார். கிட்டார் கலைஞர்கள் வெஸ் மான்ட்கோமரி, பாட் மெத்தினி என்று அவருடைய வணக்கத்துக்கும் வசவுக்கும் உரியவர்கள் அந்த ஒரே வரிசையில் இருப்பது அவருக்குச் சௌகரியம்.

ஒரு ஜாஸ் கிட்டார் கலைஞர் பழைய பாட்டுகளைத் தன் பாணியில் மாற்றி வாசித்துப் புது ஆல்பம் போட்டிருக்கிறார் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். உறையைத் திருப்பிப் பாட்டுப் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தரம் படிப்பார். விமரிசனம் முடிந்தது. கேட்பதெல்லாம் அப்புறம், கேட்டால் அபிப்பிராயம் மாறிவிடும் அபாயம் இருக்கிறதே!

“இது எதற்கு? அதுதான் அசல் இருக்கிறதே!”

இந்தக் கேள்வியை அவர் முதலில் கேட்டது 1967இல். வெஸ் மான்ட்கோமரி சாதாரண ஆள் இல்லை. கட்டைவிரலாலேயே தந்தியை மீட்டி, ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து வாசித்து, மற்ற கிட்டார்காரர்களை வாய்பிளக்க வைத்தவர். அவர் போய் பீட்டில்ஸ் பாட்டை எடுத்து, வயலின்கள் புடைசூழ ‘எ டே இன் தி லைஃப்’ என்று ஆல்பம் போட்டார். விற்பனை சக்கைப்போடு. நம்மவர் துக்கம் அனுஷ்டித்தார். 1968இல், 45 வயதில், வெஸ் மாரடைப்பால் காலமானார். அந்த நிமிஷத்திலிருந்து அந்த ஆல்பத்துக்கும் அசல் அந்தஸ்து கிடைத்துவிட்டது.

அதனால், பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ வெளிவந்த சூடு ஆறுமுன் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சன் அதே பாட்டுகளை வாசித்து, அட்டையில் அவர்களைப் போலவே, ஆனால் கிட்டாரும் கையுமாகத் தெருவைக் கடந்தபோது, நம்மவருக்கு ஆயுதம் தயாராக இருந்தது. “வெஸ் வாசித்த பீட்டில்ஸில் ஒரு கௌரவம் இருந்தது. இந்தப் பையன் பாட வேறு பாடுகிறான்!”

ஒரு விஷயத்தில் மட்டும் நியாயம் அவர் பக்கம். 1965இல் நியூயார்க் ‘ஹாஃப் நோட்’ கிளப்பில் விண்டன் கெல்லி குழுவோடு வெஸ் வாசித்த நாடாக்கள் மிச்சமிருந்தன. வெஸ் போன பிறகு, இசைத்தட்டுக் கம்பெனி அவற்றின்மேல் ஒரு வாத்திய கோஷ்டியையே ஏற்றி ‘வில்லோ வீப் ஃபார் மி’ என்று வெளியிட்டது. இத்தனை பேரை ஏற்றிய அந்த ஆல்பத்துக்கு 1970இல் கிராமி விருது கிடைத்தது. எந்தப் பிரிவில்? சிறு குழு வாசிப்பில்! இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். நமக்கும் தழுதழுக்கும், நாற்பது நிமிஷம் சொல்வாரே!

2011இல் மெத்தினி, சொந்த மெட்டு ஒன்றுகூட இல்லாத தன் முதல் ஆல்பத்தைப் போட்டார்: ‘வாட்ஸ் இட் ஆல் அபௌட்’. எல்லாம் இளவயதில் கேட்ட பாட்டுகள், பக்கவாத்தியம் கிடையாது, பெரும்பாலும் பாரிட்டோன் கிட்டார். ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ பாட்டுக்கு மட்டும் லிண்டா மேன்சர் செய்துகொடுத்த 42 தந்திக் கிட்டார்.

“நாற்பத்திரண்டா? வெஸ்ஸுக்கு ஆறு தந்தியும் ஒரு கட்டைவிரலும் போதுமாயிருந்தது!”

மறு வருஷம் அந்த ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்தது. ஜாஸுக்கு அல்ல, ‘நியூ ஏஜ்’ பிரிவில். அன்றிரவு நம்மவர் நிம்மதியாகத் தூங்கினார். “நான் அப்போதே சொன்னேனா இல்லையா?”

அவர் மனைவி விவரமானவர். ஒரு நாள் பெயர் சொல்லாமல் அதே ஆல்பத்தை ஓடவிட்டார். நம்மவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். “ஆகா! இந்த மாதிரி இப்போது யார் வாசிக்கிறார்கள்? அறுபதுகளாகத்தான் இருக்க வேண்டும்.” மெத்தினி என்று மனைவி சொன்னதும் ஒரு கணம் யோசித்தார். “ஸ்பீக்கரை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும். கண்டதெல்லாம் நன்றாகக் கேட்கிறது.”

இப்போது ஏதாவது ஓர் இளைஞர் பழைய பாட்டை மாற்றி வாசித்தால், அவர் சொல்வது: “மெத்தினி செய்தபோது எவ்வளவு அடக்கம்! அதுதான் அசல்.”

ஆகவே, இளம் கிட்டார் கலைஞர்களே, கலங்காதீர்கள். அவர் உங்களைத் திட்டியாகிவிட்டதென்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இன்னும் பத்து வருஷம் பொறுங்கள். அடுத்தவரைத் திட்ட அவருக்கு நீங்கள் தேவைப்படுவீர்கள். அதுவரை அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். திட்டுவதற்காகவாவது இசைத்தட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவர் அவர்.