மணிக்கு அப்புறமும் மணியா, மாப்ளே?

உக்காருங்க மாப்ளே. அக்கா மவனா இருந்த வரைக்கும் ‘வாடா’ன்னு கூப்பிட்ட வாயிதான் இது. எம் பொண்ணைக் கட்டினதுலேருந்து ‘வாங்க’ன்னு மாறிக்கிச்சு. அதனால இன்னிக்குத் திட்டறதையும் மரியாதையாவே திட்டறேன்.

மணி செத்து ரெண்டு மாசம் ஆச்சு. காட்டுப்பன்னி கிழிச்ச வயித்தோட கொல்லையிலேருந்து வீடு வரைக்கும் நடந்து வந்து வாசல்ல படுத்த நாயி. அழ வேண்டிய சாவுதான். நானும் அழுதேன், சோளத்தூசி கண்ணுல விழுந்துடுச்சுன்னு எம் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். ஆனா கல்வராயன் மலைப் பன்னிங்க துக்கம் காக்கலியே! மக்காச்சோளத்துல பாதி போச்சு. மரவள்ளியைத் தோண்டித் தோண்டிப் போட்டுட்டுப் போவுது. நீங்க என்னடான்னா அந்த நாயி படுத்த சாக்கை மடிச்சுத் திண்ணையில வெச்சிருக்கீங்க, குலசாமி வேட்டி மாதிரி.

ஒருவழியா இப்போ குட்டி வந்திருக்கு. வந்ததும் அதைத் தலைகீழாப் புடிச்சு நகத்தை எண்ணினீங்களாமே? இருபது நகம் இருந்தா ராசின்னு எவனோ சொன்னானாம். முன்னங்கால்ல அஞ்சஞ்சு, பின்னங்கால்ல நாலு நாலு. சாதாரணமா நாய்க்குப் பதினெட்டுதான் கணக்கு. பின்னங்கால்ல ஒட்டு நகம் இருந்தா இருபது ஆவும். அது வேலியில மாட்டிக் கிழிஞ்சுதான் பாத்திருக்கேன், ராசி எதையும் பாத்ததில்ல. எனக்குந்தான் இருபது நகம். ஒங்க அத்தை ஒருநாளு என்னை ராசிக்காரன்னு சொல்லியிருக்காளா?

பேரு வேற மணின்னே வெச்சிட்டீங்க. ஒங்களுக்குத் தாத்தன் பேருதான் வெச்சாங்க. அவரு கோழி கூவறதுக்கு முன்ன ஏர் பூட்டுவாரு. நீங்க எட்டு மணிக்கு டீ கேக்கறீங்க. பேரோட வேலையும் வந்துடுமா?

‘மணி இந்நேரம் பட்டியைச் சுத்தி வந்திருக்கும்’னு குட்டிகிட்ட புலம்பறீங்களாம். ரெண்டு மாசக் குட்டி மாப்ளே! வாயில இருக்கறது பால்பல்லு. நாலு மாசத்துக்கு மேல அது விழுந்து வேற பல்லு மொளைக்கிற வரைக்கும் ஒங்க செருப்பு, எம் பொண்ணு பொடவை முந்தானை எல்லாத்தையும் கடிக்கும். மணியும் அப்படித்தான் கடிச்சுது. அந்தச் செருப்புக்கு நீங்க போட்ட சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கு, ஒங்களுக்கு மறந்துபோச்சு. செத்துப்போனதும் நாய்க்கு மட்டுமில்ல, மனுஷனுக்கும் குத்தம் கொறைஞ்சு போவுது.

இதை நான் பட்டுச் சொல்றேன். எங்க கருப்பன் போனப்புறம் ஒரு செவலைக் குட்டியைக் கொண்டாந்து, அதுக்கும் கருப்பன்னே பேரு வெச்சேன். நெறத்தைக்கூடப் பாக்கல, அப்படி ஒரு மூளை. நாலாம் மாசமே ராத்திரிக் காவலுக்குக் கொல்லைக்கு இட்டுக்கிட்டுப் போனேன். பன்னி உறுமின உறுமல்ல அது என் காலுக்கு நடுவுல பூந்துச்சு. ‘கருப்பன் புள்ளையாடா நீ’ன்னு ஒதைச்சேன். அப்புறம் அது சாவற வரைக்கும் கட்டிலுக்கு அடியைத் தாண்டி ராத்திரியில வெளிய வரல. ஒரு வயசு ஆவாத நாயைப் பன்னி முன்னால நிறுத்தினது எந் தப்பு. பயந்தாங்கொள்ளின்னு பேரு வாங்கினது மட்டும் அது.

இப்போதைக்கு அதை ஆட்டுப்பட்டியிலயே விடுங்க. மூணு மாசத்துக்குள்ள எந்த வாசனை மூக்குல ஏறுதோ, அதுதான் அதுக்குச் சொந்தபந்தம். ஆட்டோட வளந்தா ஆட்டுக்கு நிக்கும். கட்டில்ல ஒங்க பக்கத்துல வளந்தா ஒங்களைத்தான் காக்கும். ஒங்களை எவன் தூக்கிக்கிட்டுப் போவப்போறான்?

பங்காளி ஒருத்தன் ராஜபாளையம் வாங்குன்னு யோசனை சொன்னானாம். அழகான நாயிதான். ஆனா அந்த வெள்ளை நாயிங்கள்ல சிலது பொறக்கும்போதே காது கேக்காம பொறக்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வெரட்ட வளத்த நாயிங்க. 1972 வனவிலங்குச் சட்டம் வந்தப்புறம் முயலைத் தொட்டா நாய்க்கு ஒண்ணுமில்ல, ஒங்களுக்குத்தான் கேசு. 2025 ஜனவரியில பன்னி சுட அரசாங்கம் வழி சொல்லிச்சு. அதுவும் காட்டுலேருந்து 3 கிலோமீட்டர் தாண்டினாத்தான், சுடறதும் வனத்துறைதான். நம்ம கொல்லை காட்டை ஒட்டி இருக்கு. கம்பியில கரண்டு விட்டா ஜெயிலு. ஆக நமக்கு மிச்சம் கொரைக்கிற நாட்டு நாயி ஒண்ணுதான். கொரைச்சாப் போதும், பன்னியைக் கட்டிப் பொரள வேணாம். மணிக்கு அந்த வித்தியாசத்தை நீங்க சொல்லிக் குடுக்கல. சூ காட்டினது யாருன்னு நான் கேக்கல.

‘மணி மாதிரி இன்னொண்ணு வருமா மாமா’ங்கறீங்க. சங்கராபுரத்துக்கு வடக்கே, தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர்ல ஒரு நடுகல்லு இருக்கு. பல்லவ ராசா மகேந்திரவர்மன் காலத்துது, 1400 வருஷம் இருக்கும். எருமை மந்தையைக் காக்கப் போயி செத்தவன் கருந்தேவக்கத்தி. கூட இருந்து கள்ளனைக் கடிச்ச நாய்க்குப் பேரு கோவிவன். அந்த நாயையும் கல்லுல செதுக்கி, பேரையும் எழுதி வெச்சாங்க. நாய்க்கு அதுக்கு மேல என்ன மரியாதை வேணும்? ஆனா ஒண்ணு யோசிங்க மாப்ளே. கல்லு நட்ட மறுநாளும் எருமை மேயப் போயிருக்கும். அதுங்க பின்னாடி எது போச்சு? வேற ஒரு நாயிதான். அதை எவன் கோவிவன் மாதிரி இல்லன்னு ஒதைச்சானோ தெரியல.

சரி, வேலையைப் பேசுவோம். குட்டியைத் தூக்கிக்கிட்டு நாளைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்க. எட்டு வாரம் ஆச்சு, பார்வோ ஊசி போடற வயசு. ரத்தமா பேதி போயி ரெண்டே நாள்ல தீத்துடும் அது. மூணு மாசம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி. ஊசி போட்டாலும் போடாட்டியும் அது யாரையாவது கடிச்சு, பல்லு பட்டா, மஞ்சளை அப்பிக்கிட்டு உக்காராம சோப்புப் போட்டுக் கொழாத் தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்க. அங்க ஊசிக்குக் காசு கெடையாது.

அந்தச் சாக்கை இன்னிக்கு ராத்திரியே கொளுத்திடுங்க. அதுல இருக்கறது மணியோட ஞாபகம் இல்ல, உண்ணி. மணி தின்ன தட்டை மட்டும் சாம்பல் போட்டுத் தேச்சுக் குட்டிக்கு வெய்யுங்க. அது நான் எம் பொண்ணுக்குச் சீர்ல குடுத்த எவர்சில்வர் தட்டு.