மெல்லப் பாடினால் குறையா?

கேள்வி: பாடகர் பிரதீக் குஹாடின் காதல் முறிவுப் பாடல்களை ஒபாமாவே பாராட்டினார் என்கிறாள் என் மகள். எனக்கோ ஆறு பாட்டும் ஒரே பாட்டாகக் கேட்கிறது. தூக்கம்தான் வருகிறது. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், மோகனூர்

பதில்: மகள் கட்சிதான் நான்! 2018-இல் வந்த ‘கோல்ட்/மெஸ்’ தொகுப்பில் ஆறே பாடல்கள், எல்லாம் ஆங்கிலத்தில். தலைப்புப் பாட்டு ஒபாமாவின் 2019-ஆம் ஆண்டுக்கான பிடித்த பாடல்கள் பட்டியலில் இடம்பிடித்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே ஊர் ஊராக இளைஞர்கள் குஹாடோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாராட்டுத்தான் எனக்குப் பெரிது.

ஒரே மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். பிரிந்தவர் மனசும் ஒரே இடத்தைத்தானே சுற்றிச் சுற்றி வரும்? தலைப்புப் பாட்டை இரவில், ஹெட்போனில் கேளுங்கள். பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோலத் தணிந்த குரல். போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவிக்கிறவன் அப்படித்தான் பேசுவான். குறுந்தொகையின் பாலைப் பாட்டுகளும் பிரிவைச் சில அடிகளில்தான் சொல்லி முடிக்கின்றன. அங்கே யாரும் மேளம் கேட்பதில்லை.

உங்கள் ஊரில் 1888-இல் பிறந்த நாமக்கல் கவிஞர், 1930 உப்பு யாத்திரைக்கு எழுதிய பாட்டு தொண்டர்களை வேதாரண்யம் வரை நடக்க வைத்தது. அது நடக்கிற பாட்டு. குஹாடின் பாட்டு உட்காருகிற பாட்டு. ஒருநாள் சாயங்காலம் மகளோடு காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து கேளுங்கள். அப்போதும் தூக்கம் வந்தால், அவள் தோள் இருக்கிறது.