முடியாது என்று சொல்ல ஒரு தொப்பி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பேருந்தில் ஓட்டுநருடன் பேசக் கூடாது. உல்லாசக் கப்பலில் அதற்கு நேர்மாறு. பணம் கட்டி வந்தவர்கள் பட்டுப் புடவையும் கோட்டுமாக வரிசையில் நின்று, ஓட்டுநரோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தோளில் நான்கு தங்கப் பட்டைகளோடு கேப்டன் புன்னகைக்கிறார். கப்பல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அப்படியானால் இப்போது வண்டியை ஓட்டுவது யார் என்ற கேள்வி, ஆட்டோ மீட்டரைக்கூட நம்பாத தமிழ்ப் பயணிக்கும் அங்கே தோன்றுவதில்லை. இந்தக் கைகுலுக்கலை வெட்டிச் சடங்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. என் கட்சி வேறு. கேப்டன் பயணிகளுக்குச் செய்யும் பெரிய உபகாரம் ‘முடியாது’ என்று சொல்வதுதான். விருந்து, கைகுலுக்கல், வெள்ளை உடுப்பு, தொப்பி எல்லாமே அந்தச் சொல் எடுபடுவதற்காக அவர் முன்கூட்டியே கட்டி வைக்கும் டெபாசிட்.

முதலில் அவர் செய்யாத வேலைகளைக் கழித்துவிடலாம். காலை இட்லி கல்லாக இருந்தால் கேட்க ஹோட்டல் டைரக்டர் என்று ஒருவர் இருக்கிறார். சாப்பாடு, அறை, துவைத்த துண்டு எல்லாம் அவர் இலாகா. ராத்திரி ஆட்டம் பாட்டத்துக்கு க்ரூஸ் டைரக்டர். துறைமுகத்தில் வழி சொல்ல உள்ளூர் பைலட் ஏறிக்கொள்கிறார். நடுக்கடலில் சுக்கானைத் தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்கிறது. கப்பலை இயக்கும் மேடையான பிரிட்ஜில் அதிகாரிகள் முறைவைத்து நிற்கிறார்கள். கேப்டன் விருந்துக்குப் போனால் கவனித்துக்கொள்ள ஸ்டாஃப் கேப்டன் இருக்கிறார். இத்தனையும் போக அவருக்கு என்னதான் மிச்சம்? முடிவெடுப்பது மிச்சம். காற்று கூடிவிட்டது, நாளைக்கு அந்தத் தீவில் நிறுத்த முடியாது. ஒரு பயணிக்கு நெஞ்சுவலி, மற்றவர்கள் திட்டினாலும் கப்பலைத் திருப்பியாக வேண்டும். அலை பக்கவாட்டில் அடிக்கிறது, வேகத்தைக் குறைத்துச் சுற்றிப் போக வேண்டும். இந்த மூன்றாவது முடிவு சரியாக அமைந்தால் சூப் கிண்ணத்திலேயே இருக்கும். பயணி சமையல்காரரைப் பாராட்டுவார். முதல் முடிவு எவ்வளவு சரியாக இருந்தாலும் வசவு கேப்டனுக்குத்தான். வேலை இப்படிப் பங்கிடப்பட்டிருக்கும்போது, வசவு வாங்கப்போகிறவர் முன்னாலேயே கொஞ்சம் சிரித்து வைப்பது விவேகம்.

‘முடியாது’ என்று சொல்ல முகம் எதற்கு, அறிவிப்புப் பலகை போதாதா என்று கேட்கலாம். கேட்பவர்கள் ஒருமுறை கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு வர வேண்டும். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். 1 முதல் 11 வரை எண்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள்; குறை சொல்ல முடியாத ஏற்பாடு. செய்தி தொலைக்காட்சியில் ஓடியதும் சில்வர் பீச்சில் அலையைப் படம்பிடிக்கக் கூட்டம் சேர்ந்துவிடும். ‘இப்ப எத்தனாம் நம்பர்?’ என்று விசாரித்துக்கொண்டே பஜ்ஜி தின்பார்கள். கூண்டுக்குக் கைகுலுக்கத் தெரியாது, அதுதான் அதன் குறை. அதே மணலில் கடலை ஐம்பது வருஷம் பார்த்த பெரியவர் ஒருவர் நின்று, ‘இன்னிக்கு நீரோட்டம் சரியில்ல தம்பி, போவாத’ என்றால் படகு இறங்காது. இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான். ஒருவரை ஊருக்குத் தெரியும், மற்றது எண்.

இந்த ஊருக்குக் கேப்டன்களைப் பற்றிப் பேசப் பழைய பாத்தியதையும் உண்டு. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து இங்கிருந்த கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை நிலமும் சேர்த்தி என்று பேச்சு. சுட்டார்கள்; குண்டு தாண்டிய ஊரெல்லாம் புனித டேவிட் கோட்டைக்குச் சேர்ந்தது. இப்படி நிலம் அளந்தவர்களும் கரையேறும்போது மட்டும் அடங்கித்தான் இருந்தார்கள். பெரிய கப்பல் வெளியே நங்கூரம் போட்டுவிடும். முறியும் அலையைத் தாண்ட, ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகே கதி. அதில் கவர்னரானாலும் எழுத்தரானாலும் படகுக்காரர் சொன்னபடி உட்கார வேண்டியதுதான். 1756-இல் இந்தக் கோட்டைக்குக் கவர்னராக இருந்த ராபர்ட் கிளைவ், 1743-இல் 17 வயதில் கப்பலேறியவர். பிரேசில் பக்கம் அவர் கடலில் விழ, கேப்டன் கயிறு கட்டிய வாளியை வீசித் தூக்கினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. வாளி குறி தவறியிருந்தால் பிளாசிப் போருக்கு வேறு ஆள் தேட வேண்டியிருந்திருக்கும். கேப்டனின் சேவைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று என்னை மடக்கப் பார்ப்பார்கள். வாளி வீசுவது பெரிய காரியந்தான். ஆனால் எந்தப் பயணியும் அந்தச் சேவையை விரும்பிச் சீட்டு வாங்குவதில்லை. ‘அந்த ஓரத்தில் நிற்காதே’ என்ற பேச்சு காதில் ஏறியிருந்தால் வாளிக்கே வேலையில்லை. கப்பலைத் துடைக்கவே அதைப் பயன்படுத்தியிருக்கலாம்.

‘முடியாது’ சொல்லத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 ஜனவரி 13 சாட்சி. கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் 4,200-க்கும் மேற்பட்டவர்களோடு போய்க்கொண்டிருந்தது. இத்தாலியின் ஜிலியோ தீவு கப்பலின் உணவக ஊழியர் ஒருவருக்குச் சொந்த ஊர். கரையை ஒட்டிப் போய் ஒரு சலாம் வைக்கலாமே என்று கேப்டன் ஸ்கெட்டினோ வழியை மாற்றினார். பாறை கப்பலைக் கிழித்தது. 32 பேர் இறந்தார்கள். எல்லாரும் இறங்குமுன்பே அவர் இறங்கிவிட்டார். நீதிமன்றம் 16 ஆண்டு சிறை கொடுத்தது. இங்கே சிரிப்புக்கு இடமில்லை. கேப்டன் யாரோடும் பழகாமல் பிரிட்ஜிலேயே கிடக்கட்டும் என்று இதைக் காட்டி வாதிடுவோர் உண்டு. பழகியது பிழையல்ல. சேர்த்து வைத்த பிரியத்தைச் செலவழிக்க வேண்டிய இடத்தில், இன்னும் கொஞ்சம் பிரியம் சம்பாதிக்கப் பார்த்தார், அதுதான் பிழை.

முதலாளி சம்மதிப்பாரா என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமானது, சம்பளம் தருகிறவருக்குக் கால அட்டவணைதான் வேதம். ஆனால் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914-இல் உருவான ‘சோலாஸ்’ என்னும் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையின் இன்றைய வடிவம், பாதுகாப்புக்காகக் கேப்டன் எடுக்கும் முடிவைக் கப்பல் உடைமையாளரும் தடுக்கக் கூடாது என்கிறது. முதலாளிக்கே ‘முடியாது’ சொல்லச் சட்டம் இடம்கொடுக்கும் உத்தியோகம் உலகத்தில் எத்தனை இருக்கிறது? கரையிலிருந்து வரும் ‘முடியாது’ வேறு ரகம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்ப்ரஸ் கப்பலுக்கு, சூதாட்டம் பற்றிய எதிர்ப்பு கிளம்பியதால், புதுச்சேரி அனுமதி தரவில்லை. கண்ணுக்கெட்டும் தூரம் வரை வந்துவிட்டுத் திரும்பியது. இதில் கேப்டனின் தவறு எள்ளளவும் இல்லை. இருந்தாலும் இப்படிக் கரையில் யாரோ போட்ட உத்தரவையும் கப்பலில் ஒரு வாய்தான் சொல்லியாக வேண்டும். அமைச்சரவை மிதந்து வந்து விளக்கம் கொடுக்காது.

இதெல்லாம் ஆயிரம் பேர் ஏறும் கப்பலுக்குத்தான் என்று நினைத்தால், சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே பிச்சாவரம் இருக்கிறது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் துடுப்புப் படகில் கேப்டன், ஹோட்டல் டைரக்டர், க்ரூஸ் டைரக்டர், இன்ஜின் எல்லாம் ஒரே ஆள். புறப்பட்டதும் அவர் பேச ஆரம்பிக்கிறார்: ‘இதயக்கனி’ இங்கேதான் எடுத்தது, எம்.ஜி.ஆர். இங்கே வந்தார், ‘தசாவதாரம்’ அந்தப் பக்கம். படகில் இருக்கும் அண்ணன், அக்கா, ஆயா எல்லாரும் அதற்குள் அவருக்குச் சொந்தக்காரர்கள். வாய்க்கால் குறுகுகிறது, சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் நெருங்குகின்றன, கிளை தலைமட்டத்துக்கு இறங்குகிறது. ‘அண்ணா, கைய உள்ள வைங்க. அக்கா, செல்ஃபிக்கு எழுந்திரிக்காதீங்க, குனிஞ்சிக்கோங்க.’ படகே குனிகிறது. வீட்டில் யார் சொல்லும் கேட்காதவர்களும் குனிகிறார்கள். டெபாசிட் அங்கே எம்.ஜி.ஆர். பெயரில் கட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே கப்பல் கம்பெனிகளுக்கு ஒரு யோசனை. பயணத்தின் முடிவில் கொடுக்கும் கருத்துப் படிவத்தில் தலையணை மெத்தென்று இருந்ததா, கேப்டன் கனிவாகச் சிரித்தாரா என்றெல்லாம் கேட்கிறீர்கள். கூடவே ஒரு கேள்வி சேருங்கள்: ‘எங்கள் கேப்டன் உங்களுக்கு எத்தனை முறை முடியாது என்றார், அதற்குப் பிறகும் நீங்கள் அவரோடு படம் எடுத்துக்கொண்டீர்களா?’ இரண்டாவது பாதிக்கு ‘ஆம்’ என்று எழுதுகிறவர் எந்தக் கேப்டனுக்குக் கிடைக்கிறாரோ, அவருக்கே அடுத்த பதவி உயர்வைக் கொடுங்கள்.