எலிக்கு எவ்வளவு நோகிறது? இறக்கக்கண்டி வாசிகளுக்கு ஓர் எளிய செய்முறை

நொச்சியிலையை அவித்து ஒத்தணம் கொடுத்தால் வீக்கம் வற்றும் என்று உங்கள் உம்மும்மா சொல்கிறாரா? கரைவலை இழுத்துத் தோள்மூட்டுப் பிடித்துக்கொண்ட ஆட்கள் வீட்டுக்கு வீடு இருக்கிற இறக்கக்கண்டியில் அதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் பெருநாளுக்கு வரும் படித்த மருமகன், "ஆதாரம் இருக்கா?" என்று கேட்பார். அவர் வாயை அடைப்பதற்கே இந்தச் செய்முறை.

முதலில் எலி வேண்டும். கருவாட்டுக் கொட்டிலில் ஓடுவது உதவாது. அதன் வயதென்ன, யாரோடு சண்டை பிடித்தது என்று யாருக்குத் தெரியும்? விஸ்டார் என்ற வகை வெள்ளை எலிகள், ஏறத்தாழ ஒரே வயதிலும் நிறையிலும் தேவை. அதற்கு நெறிமுறைக் குழு அனுமதி தரவேண்டும். விண்ணப்பத்தில் "உம்மும்மா சொன்னா" என்று எழுதினால் எடுபடாது. ரஸல், பேர்ச் என்ற இரு விஞ்ஞானிகள் 1959இல் எழுதிவைத்த கேள்விகளைத்தான் குழுவும் கேட்கும்: விலங்கே இல்லாமல் செய்ய முடியாதா, எண்ணிக்கையைக் குறைக்க முடியாதா, வேதனையைக் குறைக்க முடியாதா? நோவை அளக்க வந்தவரிடம் நோவைக் குறை என்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான்.

இனி வீக்கம் வரவேண்டும். அதற்கான சாமான் கடலில்தான் விளைகிறது. செம்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன், ஐஸ்கிரீமைத் தடிப்பாக்கச் சேர்க்கும் அதே பொருள். நோன்புக்குக் காய்ச்சும் கடற்பாசிக்கு இது சொந்தக்காரன், ஆனால் வேறு ஆள். மிஞ்சிய கடற்பாசியை எலிக்குக் குத்திவிடாதீர்கள். விண்டரும் கூட்டாளிகளும் 1962இல் வெளியிட்ட முறைப்படி, 1 வீதக் கரைசலில் சிறிதளவைப் பின்னங்காலின் உள்ளங்காலில் ஏற்றவேண்டும். சில மணி நேரத்தில் பாதம் பணியாரம் போல உப்பிவிடும். கணுக்காலில் பேனையால் கோடு போட்டு, கோடு மட்டும் பாதத்தைத் தண்ணீர்க் குழாயில் அமிழ்த்தி, நொச்சி கொடுத்த எலியிலும் கொடுக்காத எலியிலும் எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்று பாருங்கள். எலி காலை உதறினால் திரும்பவும் முதலிலிருந்து.

இவ்வளவு பாடுபட்டும் நாம் அளந்தது வீக்கத்தைத்தான், நோவை அல்ல. நோவுக்கு வேறு வழி பார்க்கவேண்டும். மீனில் அடிக்கிறார்கள் என்று சந்தையில் கதை அடிபடுமே, அந்தப் போமலினை நன்றாக ஐதாக்கிப் பாதத்தில் ஏற்றும் முறை 1977இல் வந்தது. முதல் ஐந்து நிமிடம் எலி காலை நக்கும், தூக்கும். பிறகு கொஞ்சம் அமைதி. பிறகு மறுபடியும் நக்கல், இம்முறை நெடுநேரம். முதல் கட்டம் நரம்பு நேரே தூண்டப்படுவதால் வருவது, இரண்டாவதில் அழற்சிக்குப் பெரும்பங்கு. மோர்பின் இரண்டையும் அடக்கும். அஸ்பிரின் வகை பெரும்பாலும் இரண்டாவதைத்தான். நீங்கள் செய்யவேண்டியது, மணிக்கூட்டோடு குந்தியிருந்து நக்கும் செக்கன்களைக் கூட்டுவது. ஆனால் மருந்து எலியை உறங்கவைத்தாலும் நக்கல் குறையும். அரைத் தூக்கத்தில் கிடக்கும் எலியைக் காட்டி "நோ மாறிவிட்டது" என்று அறிவிப்பது இத்துறையின் பழைய வித்தை.

முகத்தைப் பார்த்தும் சொல்லலாம். 2010இல் மொகில் என்ற ஆய்வாளரின் குழுவினர் சுண்டெலியின் கண் இடுங்கல், மூக்கு, கன்னம், காது, மீசை ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை புள்ளி போட்டார்கள். நம்மூர் உம்மாக்கள் பிள்ளைகளுக்கு இதைப் புள்ளியில்லாமலே செய்கிறார்கள். அதே குழு 2014இல் இன்னொன்றையும் கண்டது: ஆண் ஒருவர் பக்கத்தில் நின்றாலே எலிகளும் சுண்டெலிகளும் நோவைக் குறைத்துக் காட்டின. அவர் போட்ட ரீசேட்டைக் கிட்ட வைத்தாலும் அப்படித்தான். பயத்தில் நோ அடங்கிவிடுகிறது. ஆகவே மருமகனை ஆய்வுகூடத்துக்குள் விடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு செய்தி: நொச்சியைக் கொழும்பில் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியலாளர் ரத்னசூரியவும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய பச்சை நொச்சியிலைச் சாறு கராஜீனன் வீக்கத்தைக் குறைத்தது. அதிலும் கூடிய அளவைவிடக் குறைந்த அளவே நன்றாக வேலை செய்தது. உம்மும்மா வென்றுவிட்டார் என்று பட்டாசு கொளுத்தாதீர்கள். எலிகளுக்குச் சாற்றை வாயால் பருக்கினார்கள். உம்மும்மா கொடுப்பது ஒத்தணம். நிரூபிக்கப்பட்டது எலியின் பாதம், கேட்கப்பட்டது மனிதனின் தோள்.

அதனால், "விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கப்பட்ட நோ எண்ணெய்" என்று யாராவது போத்தலோடு படலையில் வந்து நின்றால் மூன்றைக் கேளுங்கள்: எந்தப் பிராணியில் பார்த்தீர்கள், பருக்கினீர்களா பூசினீர்களா, அளந்தது வீக்கமா நோவா? பதில் வராவிட்டால் காசை எடுக்காதீர்கள்.