புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

கே: பெயின்ட் உதிர்ந்து, சீட் வெடித்துக் கிடக்கும் 1953 காடிலாக் எல்டொராடோ கன்வர்ட்டிபிளுக்கா இத்தனை மவுசு?

ப: அந்த ஆண்டு மொத்தமே 532 கார்தான் செய்தார்கள். அதிலும் பலவற்றைப் பிரித்து மேய்ந்து புதிதாக்கிவிட்டார்கள். கம்பெனி பெயின்ட்டோடு நிற்பது அபூர்வம். மண்ணிலிருந்து எடுத்த ஐம்பொன் சிலையைப் புளி போட்டுத் தேய்த்தபின், பழமை எங்கே என்று தேடிப் பயனில்லை.

கே: எல்டொராடோ என்றால்?

ப: ஸ்பானிய மொழியில் 'பொன் பூசியவன்'. தற்சமயம் துரு பூசியிருக்கிறான்.

கே: அந்தக் காலத்தில் யார் வாங்கினார்கள்?

ப: 7,750 டாலர் கொடுக்க முடிந்தவர்கள். அதே கம்பெனியின் சாதாரண கன்வர்ட்டிபிள் 4,144 டாலர்தான். வளைந்த முன்கண்ணாடிக்கும், மடித்த துணிக்கூரையை மறைக்கும் இரும்பு மூடிக்கும்தான் மீதிக் காசு! 1953 ஜனவரி 20 அன்று பதவியேற்பு ஊர்வலத்தில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் இந்த மாடல் காரில்தான் நின்றபடி போனார். அதிபரே ஏறியும் பர்ஸ்கள் திறக்கவில்லை. மறு வருடம் விலையை 5,738 டாலராக இறக்கினார்கள். 2,150 கார்கள் போயின.

கே: இன்னொரு 53 காடிலாக் பார்த்தேன். கியர்பாக்ஸ் ப்யூக் கம்பெனியுடையது. மாற்றிவிடலாமா?

ப: கை வைக்காதீர்கள். 1953 ஆகஸ்ட் 12 அன்று மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸ் தொழிற்சாலை எரிந்துபோனது. காடிலாக்குக்கு வேறு வழியில்லை. பங்காளி ப்யூக்கிடம் டைனாஃப்ளோ கியர்பாக்ஸைக் கடன் வாங்கி ஆயிரக்கணக்கான கார்களில் மாட்டி அனுப்பியது. 'தப்பான' உதிரியைச் சரிசெய்யப் புறப்படும் மெக்கானிக், அந்தத் தீயின் சாட்சியைக் கழற்றி எறிகிறார்.

கே: அப்படியானால் எதையுமே மாற்றக்கூடாதா? ஓடுமா?

ப: உயிர் போகும் விஷயத்தில் பக்தி வேண்டாம். பிரேக் ஹோஸ், டயர், பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கழற்றியதை ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். பல வருடம் நின்ற காரில் சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். டேங்க்கில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். அதை இறக்கிக் கழுவுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் அதிர்ஷ்டம். துரு பரவாமல் தடுக்கலாம். பட்டி பார்த்து முழு பெயின்ட் அடிப்பது மட்டும் கூடாது.

கே: விற்கப் போகிறேன். விளம்பரத்துக்குப் படம் எடுக்கும் முன் பாலீஷ் போடவா?

ப: தூசியைக்கூடத் தட்டாதீர்கள். வாங்குகிறவர் விரலால் தடவிப் பார்த்துக்கொள்வார்.