நாக்பூர் லைசென்ஸ் கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: தங்கள் கணினியில் ‘வாடிக்கையாளர் தவறு’ என்று பதியப்பட்டிருப்பவன், சிவகாசி, விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்: மேன்மை தங்கிய தலைவர் அவர்கள், வாடிக்கையாளர் அக்கறைப் பிரிவு. (நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. விளம்பரத்துக்குத் தாங்கள் ஏற்கெனவே நிறையச் செலவழிக்கிறீர்கள்.)

பொருள்: வாஷிங் மெஷினின் முதுகுத் தகட்டைத் திறக்க உரிமம் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பிரதிநிதி என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் எடுத்த புகைப்படம்.

மகா கனம் பொருந்திய ஐயா,

தாங்கள் நலமா? தங்கள் ஆப் நலமா?

கடந்த செவ்வாய்க்கிழமை தங்கள் பிரதிநிதி என் வீட்டுக்கு எழுந்தருளினார். மெஷினைச் சுவரோரத்திலிருந்து இழுத்தார், திருப்பினார், ஒரு திருகாணியின் தலைமேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிழிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். மெஷினுக்கு என்ன கோளாறு என்பது அதற்கப்புறம் இரண்டாம் பட்சமாகிவிட்டது. போனை எடுத்தார். கிழிசலை நான் விரலால் தொட்டுக் காட்ட வேண்டுமாம். “சார், விரல் ஸ்டிக்கர்மேல இருக்கணும், முகமும் விழணும். ஆப்புல அப்பிடித்தான் கேக்குது.” பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். திருட்டு நகைக்குப் பக்கத்தில் திருடனை நிறுத்தி எடுப்பார்களே, அதே கோணம். பிறகு ஓ.டி.பி. கேட்டார், சொன்னேன். அவர் வண்டியைக் கிளப்புவதற்குள் குறுஞ்செய்தி வந்துவிட்டது. புகார் வெற்றிகரமாக முடிக்கப்பட்டதாம். காரணம்: வாடிக்கையாளர் தவறு. வருகைக் கட்டணம் 590 ரூபாய். ஐந்நூறு தங்களுக்கு, தொண்ணூறு ஜி.எஸ்.டி.க்கு. குற்றவாளியைப் படமெடுக்க 18 சதவீத வரி என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதோடு விட்டீர்களா? ஐந்து நட்சத்திரமும் கேட்டீர்கள்.

இவ்வளவு காவல் போட்டு வைத்திருக்கும் சரக்கு லேசுப்பட்டதாக இருக்க முடியாது என்று அன்றிரவே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் இப்படிக் காவல் ஒரே ஒரு சரக்குக்குத்தான் உண்டு, வெடிமருந்துக்கு. அதற்கு லைசென்ஸ் வாங்கும் வழி இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 15 கிலோவுக்குள் என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் தருகிற டி.ஆர்.ஓ. லைசென்ஸ், 500 கிலோ வரைக்கும் சென்னை லைசென்ஸ், அதற்கு மேலே போனால் வெடிபொருள் தலைமை அலுவலகம் தருகிற நாக்பூர் லைசென்ஸ். சம்பந்தம் பேசும் இடத்தில் “மாப்பிள்ளை வீட்டுல நாக்பூர் லைசென்ஸ் வச்சிருக்காக” என்று ஒருவர் சொன்னால் போதும், பெண் வீட்டார் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆகவே ஐயா, என் முதல் சந்தேகம் இது. தங்கள் மெஷின் ஏழு கிலோ. டி.ஆர்.ஓ. லைசென்ஸே போதும் என்கிறான் என் மைத்துனன். ஆனால் ஈரத்துணியோடு நிறுத்தால் 15 கிலோவைத் தாண்டிவிடுமே, அப்போது சென்னைக்கல்லவா எழுதவேண்டும்? பெட்ஷீட் ஊறப்போட்டால் நேரே நாக்பூரா? தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

தகட்டை ஏன் திறந்தாய் என்று தங்கள் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. பதில் எழுத விட்டிருக்கும் இடத்தில் என் இனிஷியல்தான் கொள்ளும். ஆகவே இங்கே எழுதுகிறேன். இது முன்பு ஒருமுறை நடந்த கதை. மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் நின்றது. திரையில் இரண்டு ஆங்கில எழுத்துகள் மின்னின. அட்டைப்பெட்டிக்குள் கையேட்டைத் தேடினால் ஒரு கியூ.ஆர். கோடு கிடைத்தது. அதை ஸ்கேன் செய்தால் புதிய மாடல்களின் விலைப்பட்டியல் வந்தது. டோல் ஃப்ரீ எண்ணில் தமிழுக்கு மூன்றை அழுத்தினேன், ஒருவர் இந்தியில் மன்னிப்புக் கேட்டார். 48 மணி நேரத்தில் ஆள் வரும் என்றீர்கள். அது முடிந்ததும் அதன் வயிற்றிலிருந்து இன்னொரு 48 மணி நேரம் பிறந்தது. உள்ளே பிள்ளைகளின் பள்ளிச் சீருடை ஊறிக்கொண்டிருந்தது. வாசம் தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்விட்டது.

தங்கள் திருகாணியின் தலையில் நட்சத்திரப் பள்ளம், அதன் நடுவே ஒரு முளை. சாதாரண ஸ்குரூடிரைவர் நுழைந்துவிடக் கூடாது என்று யாரோ ஓர் எஞ்சினியர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ராத்திரி பகலாக யோசித்திருக்கிறார். லேத் பட்டறை அண்ணாச்சியைக் கூட்டிவந்து காட்டினேன். “இதுக்கா இம்புட்டு யோசனை?” என்று ஒரு பஞ்சை வைத்துத் தட்டினார். முளை உதிர்ந்தது. அதற்கப்புறம் கடையில் விற்கிற ஸ்டார் பிட்டே நுழைந்தது.

பாதுகாப்பு விதிகளை மீறினேன் என்று நினைத்துவிடாதீர்கள். மேற்பார்வை என் மதினி. பல வருசமாக ஃபயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், வேலை. “தம்பி, பிளக்கப் பிடுங்குனியா? எர்த்தத் தொட்டியா? மொதல்ல அந்தப் பாலியஸ்டர் சட்டையக் கழத்து” என்று வரிசையாக உத்தரவு வந்தது. அவர் வேலைபார்க்கும் ஷெட்டுக்குள் உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்க வாசலில் பதித்த தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் கால் வைப்பார்கள். இரும்புச் சாமான் ஆகாது, பருத்தித் துணிதான், ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. கொல்லைப்புறத்தில் ஐந்தாவதாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பையனை அந்த விதிப்படியே வெளியேற்றினார். பம்பின் இறக்கையில் ஒரு ஊக்கு சிக்கியிருந்தது. எடுத்தோம், மாட்டினோம், தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே போனது. நாக்பூரிலிருந்து யாரும் வரவில்லை.

தங்கள் மின்னஞ்சலில் ஒரு வரி இருக்கிறது: வாடிக்கையாளரின் பாதுகாப்பைக் கருதியே சீல் ஒட்டப்படுகிறது.

ஐயா, முகத்துதியைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன். பாதுகாப்பு என்ற சொல்லை எங்களிடம் கொண்டுவந்து இவ்வளவு மலிவாக விற்காதீர்கள். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது, புகையைப் பார்த்து உதவிக்கு ஓடிய ஊர்க்காரர்களும் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலைக்குக் கூலிக்குப் போனவர்கள் பிணமாக வந்தார்கள். எதைத் தொட்டால் உயிர் போகும், எதைத் தொட்டால் போகாது என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்கு யாரும் ஸ்டிக்கர் ஒட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஊக்கு எடுத்தவனைக் குற்றவாளி என்று எழுதிவைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுகிறீர்கள். உங்கள் ஸ்டிக்கர் ஒரு உயிரையும் காப்பாற்றவில்லை. உங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் விலையைத்தான் காப்பாற்றுகிறது. கொஞ்சம் கூச்சப்படுங்கள்.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. மறுபடி தங்கள் திருவடிக்கே வருகிறேன்.

அந்த ஸ்டிக்கரின் அழகைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். லேபிள் அடிக்கிற நண்பர் ஒருவரிடம் மீதித் துண்டைக் காட்டினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, “டை கட்டிங் சுமார். பசை பரவாயில்ல. ஆர்டர் குடுத்தா நாமளே இதவிட நல்லா அடிச்சுத் தரலாம்” என்றார். அவர் பிரஸ்ஸில் ஓடுகிற ஹைடெல்பெர்க் மெஷின் ஜெர்மனியில் உழைத்து ஓய்ந்தபின் செகண்ட் ஹேண்டில் இங்கே வந்து சேர்ந்தது. கூட வந்த கையேடு ஜெர்மன் மொழியில். அதைப் படித்தவர் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டு, துடைத்து, மாட்டி, அதில்தான் ஊர் ஊராகத் தொங்குகிற காலண்டரை அடித்துத் தள்ளுகிறார்கள். தங்கள் தலைமை அலுவலகச் சுவரில் ஒன்று தொங்கினால் கீழ் மூலையைப் பாருங்கள், சிவகாசி என்று பொடி எழுத்தில் இருக்கக்கூடும். அந்த மெஷினுக்கும் நாக்பூர் லைசென்ஸ் வாங்கவில்லை. தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இந்தக் கெட்ட பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அய்ய நாடாரையும் சண்முக நாடாரையும்தான் கைகாட்ட வேண்டும். 1922 வாக்கில் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டி செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தொழில் பரவியது. தீப்பெட்டி ஆபீஸ் பெருகி, அதிலிருந்து பட்டாசும், இரண்டுக்கும் லேபிள் அடிக்க அச்சகமும் வளர்ந்தன. கல்கத்தாக்காரர் ஒருவர் அன்றைக்கே தீப்பெட்டியின் பக்கவாட்டில் ‘உரசினால் வாரண்டி ரத்து’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், எங்கள் தாத்தாக்கள் கரிசல் காட்டில் வானத்தைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பார்கள்.

போகட்டும், இன்றைய வழக்குக்கு வருகிறேன். ஊக்கு விவகாரம் முடிந்து நெடுநாள் கழித்து, வாரண்டிக் காலத்துக்குள்ளேயே, தண்ணீர் உள்ளே வருகிற வால்வு கெட்டுப்போனது. இதற்காகத்தான் ஒழுங்கு மரியாதையாகத் தங்களை அழைத்தேன். கீழே இருக்கிற பம்பைத் தொட்டதால் மேலே இருக்கிற வால்வு கெட்டது என்பது தங்கள் தீர்ப்பு. பட்டாசு ஆலையில்கூட ஒரு ஷெட்டில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்று நடுவில் இடைவெளி விட்டுக் கட்டச் சொல்கிறது விதி. தங்கள் மெஷினுக்குள் பம்புக்கும் வால்வுக்கும் நடுவே அந்த இடைவெளியை விடவில்லையா? அப்படியானால் நாக்பூரில் விண்ணப்பத்தை வாங்கவே மாட்டார்களே!

வால்வின் காயிலில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். உயிருள்ள காயில் சில ஆயிரம் ஓம் காட்டும். இது எதையும் காட்டவில்லை, அறுந்திருக்கிறது. வேறெதற்கும் கேடில்லை. தங்கள் பிரதிநிதியின் மதிப்பீட்டிலோ வால்வோடு போர்டும் சேர்ந்து வந்தது. வால்வை மட்டும் விலைக்குக் கொடுங்கள் என்றால் பாலிசியில் இடமில்லையாம். “தண்ணியும் சரியில்ல சார், உப்பு” என்று வேறு சொன்னார். உப்புத்தான் ஐயா. நாங்கள் பிறந்த நாளிலிருந்தே உப்புத்தான். மழை குறைச்சல், வெயில் அதிகம் என்பதால்தான் பட்டாசுத் தொழிலே இங்கே வேர்பிடித்தது. ஷோரூம் திறந்து ரிப்பன் வெட்டிய அன்று யாரும் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

தங்கள் பிரதிநிதியாக வந்த அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தமில்லை. பாலிடெக்னிக் முடித்தவன், தங்கள் ஊழியன்கூட இல்லை, ஏஜென்சி ஆள். போட்டோ ஏற்றாவிட்டால் அன்றைய கூலி வராது என்று வாசலில் நின்று மெதுவாகச் சொன்னான். வால்வை மாற்றத் தெரியாதவனும் இல்லை. மாற்றுவதற்குத் தாங்கள் அவனை விடவில்லை, அவ்வளவுதான். மோர் கொடுத்து அனுப்பினோம்.

வெளிநாட்டுச் சங்கதி என்றால் தங்களுக்கு மதிப்பு அதிகம். 2018இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆறு பெரிய நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சீல் கிழிந்தது, வெளி ஆளிடம் பழுது பார்த்தாய் என்று சொல்லி வாரண்டியை மறுப்பது அங்கே 1975ஆம் வருசத்துச் சட்டத்துக்கே விரோதமாம். பிரான்சில் 2021 ஜனவரியில் வந்த விதிப்படி, வாஷிங் மெஷினைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று தயாரித்தவர் பத்துக்குப் போட்ட மார்க்கைக் கடைக்காரர் விலைக்குப் பக்கத்தில் காட்டவேண்டியிருந்தது. தங்கள் திருகாணி முளைக்கு எத்தனை மார்க் என்று அண்ணாச்சியைக் கேட்டேன், சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார். நம் நாட்டிலும் மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பர் 24ஆம் தேதி ஓர் இணையதளத்தைத் தொடங்கிவைத்தது. உரிமை என்றால் சட்டம் என்று அவசரப்பட்டு நினைத்துக்கொண்டேன். நிறுவனங்கள் மனமுவந்து தகவல் தரவேண்டும் என்கிற அளவில்தான் இருக்கிறது. தங்கள் மனம் எப்போது உவக்கும் என்று 48 மணி நேரத்தில் தெரிவிக்கலாம்.

அதுவரை சும்மா இருக்க முடியாததால், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ஒரு புகார் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, வாங்கியவன் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். எனக்கு ஒரு பஸ் டிக்கெட்டோடு முடிந்துவிடும். தங்கள் தரப்பில் பெருநகரத்திலிருந்து யாராவது கோட்டு போட்டுக்கொண்டு வரவேண்டியிருக்கும். சித்திரை வெயிலில் அந்தக் கோட்டு வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள். விருதுநகரில் இறங்கி எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடட்டும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொள்ளட்டும். வாய்தாவுக்கு வாய்தா வந்துபோனாலும் அலுக்காது.

கிழிந்த இடத்தில் ஒட்டுவதற்குப் புது ஸ்டிக்கர் எதுவும் அனுப்பவேண்டாம். லேபிள் நண்பரே ஒன்று அடித்துக் கொடுத்துவிட்டார். மஞ்சள் நிறத்தில், நல்ல டை கட்டிங்கில், ‘திறந்து பார்த்தாச்சு. உள்ளே வெடி இல்லை’ என்று கொட்டை எழுத்து. ஆயிரத்துக்குக் குறைந்து ஓட்டமாட்டேன் என்றதால் மிச்சம் என்னிடம்தான் இருந்தது. மிக்ஸிக்கு ஒன்று, டி.வி.க்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று என்று தெருவில் வந்து வாங்கிப்போகிறார்கள்.

இப்படிக்கு,
லைசென்ஸ் இல்லாத ஸ்குரூடிரைவர்க்காரன்,
சிவகாசி.